அகலத்தில் சேராதவை

லாரி பெருமாயியைத் தொடவில்லை. இந்த ஒரு விஷயத்தில் போலீஸ், டிரைவர், சிறகு செய்த கம்பெனி, பின்னால் பைக்கில் வந்த சாட்சி என்று எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிகளுக்கு அவள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். முட்டை லோடு ஏற்றிய லாரி தன் கோட்டுக்குள்தான் போனது. டயருக்கும் அவளுக்கும் நடுவே போதுமான இடம் இருந்தது. லாரியின் பக்கத்தில் விரிந்திருந்த சிறகு மட்டும் அவள் வலது தோளைத் தட்டிவிட்டுப் போனது. அந்தச் சிறகு, சட்டப்படி, லாரியின் அகலத்தில் சேராது.

அகலத்தில் சேராது என்று எழுதிக் கொடுத்தவள் கோகிலவாணி.

டீசலுக்கு ரேஷன் வந்து, நாமக்கல்லில் லாரி வைத்திருந்தவர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த காலம். ஓடுகிற லாரியின் பின்னால் காற்று சுழலும். அந்தச் சுழலே லாரியைப் பின்னுக்கு இழுக்கும். எரிகிற டீசலில் கணிசமான பங்கு இந்த இழுபறிக்கே போய்விடுகிறது. கம்பெனியின் என்ஜினியர் கோகிலவாணி செய்த சிறகு, வண்டி வேகம் எடுத்ததும் இரண்டு பக்கமும் ஒரு முழம் விரியும். காற்றை நீவி, சுழல விடாமல் பின்னால் அனுப்பிவைக்கும். ஐந்து லிட்டர் குடிக்கிற இடத்தில் நான்கு போதும்.

ஆனால் லாரி இவ்வளவு அகலம்தான் இருக்கலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதே. அதற்கு மேல் விரற்கடை நீண்டாலும் செக்போஸ்டில் ஓரங்கட்டிவிடுவார்கள். எனவே விதியைத் திருத்துவதற்காகக் கூடிய குழுவில், கம்பெனி சார்பில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி ஒரு வாக்கியம் எழுதி நீட்டினாள்: அருகில் ஆள் இருப்பதைக் கண்டதும் தானாக மடங்கும் துணைப்பாகம் வாகனத்தின் அகலத்தில் சேராது. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஆளே இல்லாத இடத்தில் லாரி எவ்வளவு அகலமாக இருந்தால் யாருக்கு என்ன? அந்த வாக்கியத்துக்குச் சட்டம் போட்டு அவள் வீட்டு ஹாலில் மாட்டாததுதான் பாக்கி. அவ்வளவு பெருமை அவளுக்கு.

ஆளைக் காண்பதற்காக ஒவ்வொரு சிறகின் நடுவிலும் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புக் கண்ணாடி வட்டம் இருந்தது. அதற்குக் கண் என்று பெயர். சாலையோரத்தில் நிற்பவரைத் தூரத்திலேயே அது பார்த்துவிடும். லாரி பக்கத்தில் வருவதற்குள் சிறகு மடங்கி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அவரைத் தாண்டியதும் மறுபடி விரியும். விபத்து நடந்த லாரியின் வலப்பக்கக் கண்ணில், நன்றாகக் காய்ந்துபோன சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன.

விசாரணை சேலம் பைபாஸ் ஓரத்தில் ஓர் அரசுக் கட்டடத்தின் மாடியறையில் நடந்தது. விசாரித்தவர் அன்வர் பாஷா, தலை நரைத்த என்ஜினியர். சத்தம் போடாமல், பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்பார்.

"கண்ணு மறைஞ்சு போச்சுன்னா சிறகு என்னம்மா செய்யும்?" என்றார் முதலில்.

"கண்ணு மறையாமப் பாத்துக்கறது டிரைவரோட பொறுப்பு சார்" என்றாள் கோகிலவாணி. "வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் துடைக்கணும். கையேட்டுலயே இருக்கு."

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் பதில் போலக் கணீரென்று ஒலித்தது. அன்வர் பாஷா எழுதிக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

டிரைவர் செங்கோடனுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முட்டை லோடு ஓட்டியே பழகியவர். பிரேக்கை அவர் மிதிப்பது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது என்பார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏப்பா, கண்ணுல போய்ப் பொட்டு வெச்சா அது எப்படிப் பாக்கும்?"

"பொட்டு நான் வெக்கலீங்க. ஆயுத பூசையன்னைக்கு மேடம்தானுங்க வெச்சாங்க. அவுங்க செஞ்ச றெக்கை, அவுங்க கையாலயே வெக்கட்டும்னு நாந்தான் கிண்ணத்தை நீட்டுனனுங்க."

அறை முழுக்கக் கோகிலவாணியைப் பார்த்தது.

அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. கம்பெனி முற்றத்தில் கழுவி நிறுத்திய லாரி. முகப்பில் வாழைக்கன்று, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க எல்லாரும் முன்பக்கம் போயிருந்தார்கள். வலப்பக்கத்தில் அவளும் சந்தனக் கிண்ணத்தோடு செங்கோடனும் மட்டும். ஸ்டீரிங்கிலிருந்து ஜாக்கி வரைக்கும் எல்லாம் பொட்டு வாங்கியிருந்தன. மடங்கிக் கிடந்த சிறகின் நடுவில் அந்தக் கறுப்பு வட்டம், பொட்டுக்கென்றே விட்டுவைத்த இடம் போல இருந்தது. தான் பெற்றதற்குத் தானே பொட்டு வைக்கிற சந்தோஷம் அவளுக்கு. வைத்துவிட்டாள். கிளம்புவதற்குமுன் துடைத்துவிடலாம் என்றும் நினைத்தாள். அதற்குள் பொரி வாங்க வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். கேமரா எதுவும் இல்லை. கண்ணும் பார்க்குமே தவிர எதையும் சேர்த்து வைக்காது. அப்படி அமைத்தவளும் அவள்தான்.

"சிறகுல வெச்சேன் சார்" என்றாள் கோகிலவாணி, நாக்கூசாமல். "கண்ணுல வெக்கல. கண்ணைச் செஞ்சவளே கண்ணுல கொண்டுபோய்ச் சந்தனத்தை அப்புவாளா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அன்வர் பாஷாகூட மீசைக்குள் சிரித்துக்கொண்டார். ஒரே வாக்கியத்தில் செங்கோடன் பொய்யராகிவிட்டார். அவர் அவளைப் பார்த்தபடியே துண்டை நான்காக மடித்தார், உட்கார்ந்தார். அவளுக்குக் காதுமடல் இரண்டும் கொதித்தன.

வெளியே படிக்கட்டில் அவர் காத்திருந்தார். வேறு வழியாக இறங்க முடியாது.

"ஏனுங் மேடம், நெசமாவே மறந்துபோச்சுங்களா?"

சண்டைக்கு வந்திருந்தால் அவளும் சண்டை போட்டிருப்பாள். அவரோ தப்பிப்பதற்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கூச்சமே இல்லாமல் அதன் வழியாக நுழைந்தாள்.

"ஞாபகம் இல்லைங்கண்ணா."

"இருக்குமுங். அன்னைக்கு ஒரே கூட்டம்." தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வது போலத் தலையசைத்தார். "நான் நாள் தவறாமத் தொடைக்கறவன்தானுங். அன்னைக்கும் துணியோடதான் போனேன். பூசைப் பொட்டு, அதுவும் ஒரு பொம்பளை கையால வெச்சது. அதை ஆம்பளை அழிக்கறதுங்களா? தானா உதுந்துக்கட்டும்னு விட்டுட்டேன். அது என் தப்புதான். லைசென்ஸைப் புடுங்கிட்டாங்க. உள்ள போக வேண்டி வரும்னு வக்கீல் சொல்றாருங். ஓட்டறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங் மேடம்."

"பாக்கலாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். எதைப் பார்ப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

காரில் கிருபாகரன் காத்திருந்தார், கம்பெனியின் முதலாளி. கல்லூரியில் அவளுக்கு இரண்டு வருடம் சீனியர். அந்த உரிமையில் வாணி என்றுதான் கூப்பிடுவார்.

"அசத்திட்ட வாணி. கண்ணைச் செஞ்சவளேன்னு போட்டியே ஒரு போடு!"

"முதல்ல அவர் கேட்டாரே, கண்ணு மறைஞ்சா என்ன செய்யும்னு. அதுக்கு நான் பதில் சொல்லல."

"அவரும் விட்டுட்டாருல்ல? விடு."

"ஒருநாள் யாராவது கேப்பாங்க."

கிருபாகரன் ரேடியோவை அணைத்தார். "இங்க பாரு. மொதல்ல நீ எப்படி அமைச்சிருந்த? கண்ணு தெரியலைன்னா மடங்கிக்கோன்னு. என்னாச்சு? புழுதி பட்டா மடங்குச்சு, பூச்சி மோதுனா மடங்குச்சு. பாதி நேரம் மடங்கியேதான் கெடந்துச்சு. மிச்சமாகுற டீசல் எங்க போச்சு? லாரிக்காரங்க கழட்டித் தரையில போட்டாங்க. அப்புறம் நீதானே மாத்துன?"

"நீங்க கேட்டீங்க. மாத்தினேன்."

"மாத்துன. கண்ணு தெரியலைன்னா பக்கத்துல ஆள் இல்லைன்னு வெச்சுக்கோன்னு. ஒரே ஒரு வரி. அதுக்கப்புறம்தான் கம்பெனி நிமிந்துச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல ஓடுற லாரியில பாதிக்கு மேல நம்ம சிறகு. அந்த வரியை வெளிய சொன்னா அத்தனையும் கழட்டச் சொல்லுவாங்க. டீசல் இல்லாம லாரி நின்னா காய்கறி வராது, மருந்து வராது. அந்தப் பாவத்தையும் கொஞ்சம் யோசி."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் தொந்தரவாக இருந்தது. அந்த வரியை எழுதிய நாள் அவளுக்கு நினைவிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கும் காபிக்கும் இடையில் எழுதினாள். தெரியாததை இல்லை என்று எழுதுகிறோமே என்று மனசில் ஒரு முள் குத்தியது. துடைக்கும் பொறுப்பை டிரைவர் தலையில் கட்டிக் கையேட்டில் ஒரு வரி சேர்த்ததும் முள் மறைந்துபோனது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் போனாள். பெருமாயியின் வலது கையைத் தோளோடு எடுத்திருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் தம்ளரைப் பிடித்து டீ குடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். வந்தவள் யார் என்று கேட்கவில்லை. பெரிய ஆபீஸிலிருந்து மனு வாங்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கோகிலவாணியும் திருத்தவில்லை.

"நீங்க நகந்திருக்கலாமில்லைங்கக்கா?" என்றாள். கேட்டதும் தன் நாக்கையே கடித்துக்கொண்டாள்.

பெருமாயி கோபப்படவில்லை. "எதுக்கு நவுரணும்? அந்த றெக்கை வந்ததுலருந்து நாங்க யாரும் நவுர்றதே இல்லை கண்ணு. பத்துப் பொம்பளைக வரிசையா நின்னம்னா, லாரி தூரத்துல வரும்போதே டப்புன்னு மடக்கிக்கும். கும்புடு போடற மாதிரியே இருக்கும். வெயில்ல மண்ணும் புழுதியுமா நிக்கறவளுக்கு எவன் கும்புடு போடறான்? லாரி போட்டுச்சு. நாங்களும் வெளையாட்டுக்குத் திருப்பிக் கும்புடுவம்." சொல்லிவிட்டு இல்லாத கையைத் தூக்கப் போனாள். தோள் மட்டும் அசைந்தது. டீ கொஞ்சம் போர்வையில் சிந்தியது.

கோகிலவாணி தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"உனக்கு ஏதாச்சும் தெரியுமா கண்ணு? அன்னைக்கு மட்டும் அது ஏன் மடங்கல?"

"விசாரிச்சிட்டு இருக்காங்கக்கா" என்றாள் கோகிலவாணி.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். தன்மேல் இப்படி ஒரு வெட்கம் அவளுக்கு இதற்குமுன் வந்ததில்லை. திருடி மாட்டிக்கொண்டவருக்குக்கூட மாட்டிக்கொண்டோம் என்ற நிம்மதி உண்டு. அவளை யாரும் பிடிக்கவே இல்லை. செங்கோடன் மறதி என்று நம்பினார், பெருமாயி இவளை நல்லவள் என்று நம்பினாள். அவள் என்ன சொன்னாலும் நம்பக் காத்திருந்தார்கள் எல்லாரும். அடுத்த விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தாள். முடிவு செய்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்த விசாரணை நாளன்று காலையிலிருந்தே வானம் மூடியிருந்தது. கோடை மழையும் ஆவணி மழையும் ஏய்த்த வருடம். சிறகு சாலைக்கு வந்தபிறகு இதுதான் முதல் ஐப்பசி. அன்வர் பாஷா கோப்பைப் பிரிப்பதற்குள் கோகிலவாணி எழுந்துவிட்டாள்.

"சார், போன தடவை நான் பொய் சொன்னேன். கண்ணுல பொட்டு வெச்சது நான்தான். செங்கோடண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. துடைக்க நெனச்சேன், மறந்துட்டேன். கேட்டப்ப ஒத்துக்க வெட்கமா இருந்துச்சு. அவரைப் பொய்யராக்கிட்டேன்."

கிருபாகரன் எகிறிக் குதிப்பார், வேலை போகும், அன்வர் பாஷா கிழித்துத் தொங்கவிடுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

அன்வர் பாஷா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் காலத்துல யாரும்மா இப்படித் தானா வந்து ஒத்துக்கறாங்க? மனசுக்குச் சந்தோஷமா இருக்கு. பக்தியில வெச்ச பொட்டு. டிரைவரும் மரியாதைக்காகத்தான் விட்டிருக்காரு. இவர் மேல கேஸ் நிக்கறது கஷ்டம். லைசென்ஸைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி எழுதறேன்."

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார். கோகிலவாணியால் அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை.

கிருபாகரன் குதிக்கவில்லை. முகம் மலர எழுந்தார். "எங்க சீஃப் என்ஜினியரை நெனச்சுப் பெருமைப்படறேன் சார். பாருங்க, சிறகுல கோளாறு எதுவும் இல்லை. நம்ம ஊர் வழக்கத்தால வந்த வினை. ஒவ்வொரு கண்ணுக்குப் பக்கத்துலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடறோம், இங்கே பொட்டு வைக்க வேண்டாம்னு. பெருமாயி அம்மாவோட வைத்தியம் எல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"நல்ல யோசனை" என்றார் அன்வர் பாஷா. ஸ்டிக்கர் தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும் என்றார் ஒருவர். வடக்கே விஸ்வகர்மா பூஜைக்கும் பொட்டு வைப்பார்கள் என்று நினைவூட்டினார் இன்னொருவர். டீ வந்தது. கோகிலவாணிக்கும் ஒன்று தந்தார்கள், உண்மை பேசியவளுக்கென்று கூடவே ஒரு பிஸ்கட்டும்.

அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது புரிந்தது அவளுக்கு. தான் இறக்கி வைத்தது இருப்பதிலேயே சின்ன மூட்டையை. பொட்டு வைத்தேன் என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டும், அவ்வளவுதான். வெட்கப்பட்டதற்குப் பாராட்டும் கிடைத்துவிடுகிறது. அந்த இன்னொரு கேள்வியை அன்வர் பாஷா மறுபடி கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. கோப்பின் நாடாவைக் கட்டினார். யாருமே கேட்கவில்லை. கேட்காமலேயே இது முடிந்துவிடும், அவள் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போய்விடலாம். அந்த நல்ல பெயர்தான் டீயைக் குடிக்கவிடவில்லை.

ஜன்னல் தகரத்தின் மேல் தட்தட்டென்று சத்தம் கேட்டது. "அப்பாடா, பெய்ய ஆரம்பிச்சிருச்சு" என்றார் யாரோ, மகிழ்ச்சியாக. சாரல் உள்ளே அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிய வழிய, கீழே இருந்த பைபாஸ் சாலை கலங்கி, உருவமெல்லாம் கரைந்துபோனது.

கோகிலவாணி மறுபடி எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அன்னைக்கு நீங்க மொதல்ல ஒண்ணு கேட்டீங்க. கண்ணு மறைஞ்சா சிறகு என்ன செய்யும்னு."

"ஆமா. அதான் பதில் சொல்லிட்டீங்களேம்மா?"

"வாணி" என்றார் கிருபாகரன், மெதுவாக.

"சொல்லல சார். கண்ணு தெரியலைன்னா பக்கத்துல ஆள் இல்லைன்னு எடுத்துக்கும். மடங்காது. முதல்ல அப்படி இல்லை, நான்தான் மாத்தி எழுதினேன். சந்தனம்னு இல்லை, எது மறைச்சாலும் இதேதான்." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "இப்ப மழை பெய்யுது சார்."

அன்வர் பாஷா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். செங்கோடனும் அவர் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். கீழே லாரிகள் சேற்றைத் தெறித்துக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சாலையோரத்தில் குடையில்லாத நாலைந்து பேர், தலைக்கு மேல் பையைப் பிடித்தபடி, பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். அவர்களைக் கடந்துபோன எந்த லாரியிலும் சிறகு மடங்கவில்லை.